அசையும் பொருள், ஒன்று

நாற்பத்தெட்டாம் எண்ணுக்கு எதிரே, என் கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தது: "தபேதார், ஒன்று. நல்ல நிலையில்." அதற்கு மேலே நாற்பத்தேழு: "பங்கா, ஒன்று. கயிறு அறுந்தது." அதற்குக் கீழே நாற்பத்தொன்பது: "மண் பானை, ஒன்று. விரிசல்." நீல மை, அரை அங்குல ஓரம் விட்டுக் கோடு போட்ட தாள், தலைப்பில் அசையும் பொருள்கள் பட்டியல். என் எழுத்து அழகாக இருக்கும். பூந்தமல்லிக் கச்சேரியில், அதாவது சர்க்கார் அலுவலகத்தில், எனக்கு வேலை கொடுத்ததே அந்த எழுத்துக்காகத்தான். மூளையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்படிப்பட்ட முத்து முத்தான எழுத்தில் ஒரு மனிதரைப் பங்காவுக்கும் பானைக்கும் நடுவில் எழுதி வைத்தவன் நான். ஏன் எழுதினேன் என்றால், சிரிப்புக்காக.

இப்போதைய பிள்ளைகளுக்கு வடகரை நாடும் தென்கரை நாடும் சூரியன் சந்திரன் போல ஆதியிலிருந்தே இரண்டாக இருந்ததாக எண்ணம். நடுவில் இரண்டரை வருஷம் எல்லாம் ஒன்றாக இருந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்த நேரம். முழுச் சுதந்திரம் பிறகு, இப்போதைக்கு ஓர் ஒத்திகை என்று, தெற்கே இருந்த மாகாணத் துண்டுகளையும் சமஸ்தானங்களையும் சேர்த்துத் தைத்துக் கூட்டாட்சி என்று ஒன்றைக் கையில் கொடுத்தான். கொடி வந்தது, பாட்டு வந்தது, மந்திரிகள் வந்தார்கள், சண்டை வந்தது. தலைநகர் யாருக்கு, துறைமுகம் யாருக்கு, கொடியில் எந்த நிறம் மேலே என்று இரண்டரை வருஷம் அடித்துக்கொண்டு, கடைசியில் தனித்தனி நாடாகப் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். கவர்னர் அப்போதும் கோட்டையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதே கூடத்தில் பாத்திரம் பிரிக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுதான் நாங்கள். சுதந்திரம் வருவதற்கு முன்னாலேயே ஒருவரிடமிருந்து ஒருவர் சுதந்திரம் வாங்கிக்கொண்டோம். நானும் கோஷம் போட்டவன்தான். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். காலையில் ஓர் ஊர்வலம், மாலையில் ஓர் ஊர்வலம் போனேன். இரண்டிலும் சுண்டல் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கூவம் ஆறு எல்லையானது. அன்றைக்கு அது ஆறு. அகலமாக மணலும் நடுவில் கணுக்கால் நனையும் தண்ணீருமாகக் கிடக்கும். ஆவடி, கோவில்பதாகை, அம்பத்தூர் எல்லாம் வடகரை நாட்டுக்குப் போயின. பூந்தமல்லி தென்கரை நாட்டில் நின்றது. அதுவரை இரண்டு கரைகளுக்கும் வரியும் வழக்கும் பார்த்தது எங்கள் கச்சேரிதான். ஆகவே கச்சேரியில் இருந்த நாற்காலி, மேஜை, மைக்கூடு வரை எல்லாவற்றையும் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. ஒற்றைப்படை எண் தென்கரைக்கு, இரட்டைப்படை எண் வடகரைக்கு. பட்டியல் எழுதும் பொறுப்பு அழகான கையெழுத்துக்காரனான எனக்கு.

பிரிக்க வந்த அதிகாரிகள் இருவரும் சகலைகள். ஒரே வீட்டில் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். மாமனார் வீட்டுக் குத்துவிளக்கு யாருக்கு என்பதில் ஏற்கனவே பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. இப்போது ஒருவர் வடகரை அதிகாரி, ஒருவர் தென்கரை அதிகாரி. குத்துவிளக்கில் விட்டதைப் பங்கீட்டில் பிடிக்க வந்திருந்தார்கள். சட்டப் புத்தகங்களில் முதல் தொகுதி இங்கே, இரண்டாம் தொகுதி அங்கே. குற்றம் என்ன என்பது ஒரு நாட்டுக்கும் தண்டனை என்ன என்பது மறு நாட்டுக்கும் போயிற்று. உச்சக்கட்டம் படிக்கம். எந்தக் காலத்திலோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போன, வெள்ளி முலாம் பூசிய எச்சில் படிக்கம். முப்பது வருஷத்து வெற்றிலைச் சாறு அதன் உள்பக்கம் கட்டியாக, தார் மாதிரிக் கறுத்துக் கிடக்கும். பக்கத்தில் போனாலே புளித்த வாடை வீசும். அது ஒன்றுதான் இருந்தது. இரண்டு நாடுகளுக்கும் அது வேண்டும். அரைநாள் வாதம் நடந்து, கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு ரம்பத்தால் நடுவில் அறுத்தார்கள். உள்ளே இருந்தது மேஜை மேல் கொட்டிப் பட்டியலின் முதல் பக்கத்தை நனைத்தது. நான் அதைத் துடைத்துவிட்டு, "படிக்கம், அரை" என்று இரண்டு தடவை எழுதினேன். புதிதாகப் பிறந்த இரண்டு நாடுகளும் என் மூக்குக்குள் முதலில் நுழைந்தது அந்த வாடையோடுதான். இன்னும் முழுதாக வெளியே போகவில்லை.

இனி தபேதார். கச்சேரிச் சேவகர்களுக்கெல்லாம் தலைமை. தோளிலிருந்து குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை, ஐம்பது வயசு, சுருமா தீட்டிய கண். வழக்குக்கு வந்தவர்களை வாசலில் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. அந்தக் குரல் நெடுஞ்சாலை வரை போகும். வழக்கே இல்லாதவன்கூட ஒரு நிமிஷம் நின்று, தான் ஏதாவது தப்பு செய்தோமா என்று யோசிப்பான். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால். ஒரே மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, இரண்டு மாதத்தில் நிக்காஹ். என் வேடிக்கைப் பேச்சுக்கு அந்தக் கச்சேரியில் வயிறு குலுங்கச் சிரிப்பவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவரை வைத்து வேடிக்கை செய்யத் தோன்றியது என்று நினைக்கிறேன். சிரிக்கத் தெரியாத ஆளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

"இன்னா தம்பி, நாட்ட ரெண்டு துண்டு போடுறாங்களாமே. நம்ம ஊடு எந்தத் துண்டுல கீது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"உங்க வீடு தென்கரை. கோவில்பதாகையில உங்க மச்சான் வீடு வடகரை. இனிமே மச்சான் வெளிநாட்டுக்காரர்."

"அப்ப நம்ம அண்டாவத் தூக்கிகினு போனானே, அது?"

"அது வெளிநாட்டு உதவி."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று மாலைக்குள் அந்த அண்டாக் கதையைக் கச்சேரி முழுக்கச் சொல்லிவிட்டார்.

பட்டியல் எழுதத் தொடங்கி நான்காவது நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வெயில். கூரைத் துணிவிசிறியான பங்காவுக்குக் கயிறு அறுந்துவிட்டதால் காற்று இல்லை. நாற்பத்தேழு எழுதிவிட்டு நிமிர்ந்தேன். தபேதார் பங்காவுக்கு நேர் கீழே, முக்காலியில், சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அசைவே இல்லை. பேனா தானாகப் போயிற்று: நாற்பத்தெட்டு. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினேன். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். சுத்தப் பிரதி எடுக்கும்போது அடித்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் அந்தச் சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு நாடகம். வரைவைச் சக குமாஸ்தாவிடம் தள்ளிவிட்டு நாடகம் பார்க்கப் போய்விட்டேன். சுத்தப் பிரதி எழுதுகிறவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு: எழுத்தைப் பார்ப்பார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு: கீழே இருப்பவன் போட்டிருக்கிறானா என்று மட்டும் பார்ப்பார்கள். எல்லோருக்கும் கீழே இருப்பவன் நான். நான் போட்டேன், எனக்கு மேல் நாலு பேர் போட்டார்கள், கடைசியில் சகலைகள் இருவரும் போட்டு, இரண்டு நாட்டு முத்திரையும் அரக்கும் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒரு புள்ளியைக்கூட எடுக்க முடியாது. எடுத்தால் சம மதிப்புள்ள வேறொரு பொருளைக் கொடுக்க வேண்டும் என்று விதி. இதையெல்லாம் நான் மறந்தே போனேன். நாடகம் நன்றாக இருந்தது.

வண்டி ஏற்றும் நாள் வந்தது. இரட்டைப்படைப் பொருள்களெல்லாம் மூன்று மாட்டு வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தன. தபேதார்தான் அலமாரிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வடகரை அதிகாரி பட்டியலைக் கையில் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவந்தார்.

"நாற்பத்தெட்டு. தபேதார், ஒன்று. எங்கே?"

"நான்தாங்க. இன்னா வோணும்?" என்றார் தபேதார், கயிற்றுமுனையைப் பல்லில் கடித்தபடி.

"ஏறு வண்டியில."

எல்லோரும் சிரித்தோம். வடகரை அதிகாரி சிரிக்கவில்லை. தென்கரை அதிகாரி எட்டிப் பார்த்து, "ஓய், அது ஆள்" என்றார்.

"இதுல இருக்கிற கையெழுத்து யாருது? உம்முது. குத்துவிளக்கிலயும் இப்படித்தான் ஒத்துக்கிட்டு அப்புறம் இல்லைன்னீர்."

"சரி. இவனை எடுக்க என்ன கொடுக்கணும்?"

"அந்தக் கடிகாரம்."

சுவர்க் கடிகாரம் முப்பத்தொன்றாம் எண், தென்கரைக்கு விழுந்தது. ஆளுயரத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு கைக்குழந்தை அளவு இருக்கும். தேக்குச் சட்டம், கண்ணாடிக் கதவு. தென்கரை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தபேதாரைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது கணீரென்று பத்து அடித்தது.

"கடிகாரம் முடியாது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "யோவ், இதைச் சரிபார்த்துத்தானே எழுதினே?" என்றார். இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஐயா, இது விளையாட்டுக்கு எழுதியது என்று ஒரு வாக்கியம். சர்க்கார் பத்திரத்தில் விளையாடியவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். அதுவும் எனக்குத் தெரியும். என் வாய் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது.

"பார்த்துத்தான் சார் எழுதினேன். நீங்களே தட்டிப் பாருங்க, நல்ல நிலையிலதான் இருக்கார்."

சிரிப்பு அலை அலையாக எழுந்தது. வடகரை அதிகாரிகூடச் சிரித்தார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் தபேதார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். "சர்க்கார் தானே தம்பி, அவனுங்களே எழுதுவானுங்க, அவனுங்களே அழிப்பானுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டு வண்டியின் பின்னால் நடந்தார். பருத்திப்பட்டு ஆற்றங்கரையில் புதிதாக ஒரு காவல் சாவடி. ஆட்கள் என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், அவரிடம் இல்லை. பொருள் என்றால் எண்ணெழுதிய துண்டுத் தாள் ஒட்ட வேண்டும். காவலன் பட்டியலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பசைக் கிண்ணத்தில் விரலை விட்டுச் சிவப்புப் பட்டையின் மேல் 48 என்று ஒட்டினான். "காயற வரைக்கும் தொடாத" என்று வேறு சொன்னான். கச்சேரி சார்பில் வழியனுப்பப் போயிருந்த நான் அதைப் பார்த்தேன். அப்போதும் உதட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு வந்தது. விழுங்கிவிட்டேன். அந்த ஒன்றையாவது விழுங்கினேனே என்று வெகுநாள் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். என் லட்சணம் அப்படி.

ஆவடியில் வடகரைக் கச்சேரி வாசலில் அவரை நிறுத்தினார்கள். அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். "இப்பெயரில் ஊழியர் எவரும் இல்லை" என்று திரும்பி வந்தது. ஆற்றைக் கடக்க அனுமதிச் சீட்டுக் கேட்டார். அது மனிதர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. மணலில் இறங்கி ஓடி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சர்க்கார் பொருள் காணாமல் போனால் அது எந்த வீட்டில் கிடைக்கிறதோ அந்த வீட்டுக்காரர் மேல் திருட்டு வழக்கு. வீட்டுக்காரர் என்றால் அவர் மனைவியும், கல்யாணத்துக்கு நிற்கும் மகளும்.

நிக்காஹ் நெருங்கியது. தகப்பன் வர முடியாவிட்டால் அவருக்குப் பதில் வேறொருவர் பொறுப்பேற்று முடிக்கலாம், மார்க்கத்தில் வழி இருக்கிறது என்று ஜமாத்தில் சொன்னார்கள். தபேதார் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பிய பதில் ஒன்றுதான்: "என் பொண்ண நான்தான் கையப் புடிச்சிக் குடுக்கணும்." தபேதார் வீட்டம்மா கச்சேரிக்கே வந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். "ஊர்ல எல்லார் பேரையும் கூப்ட்ட மனுசன் தம்பி. அவரக் கூப்ட ஒரு ஆள் இல்லியா?" என்றார். பேப்பர்களை அடுக்குவது போல நான் குனிந்துகொண்டேன். அடுக்க அங்கே பேப்பரே இல்லை.

அன்று மாலை விதிப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கச்சேரியில் நான் உருப்படியாகப் படித்தது அந்த ஒரு தடவைதான். இரவல் விதி என்று ஒன்று கிடைத்தது. ஒரு நாட்டுப் பொருள் மறு நாட்டுக்குத் தேவைப்பட்டால், சமமான பொருளை ஈடாக வைத்துவிட்டு ஒரு நாளைக்கு எடுத்துப் போகலாம். சூரியன் மறையும் முன் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் ஈடு அவர்களுக்குச் சொந்தம். எடுத்துப் போன பொருள் நமக்குச் சொந்தம். வழக்கு எதுவும் கிடையாது. "தபேதார், ஒன்று, ஒரு நாளைக்கு இரவல் தேவை" என்று என் முத்தெழுத்தில் கடிதம் எழுதிக் கச்சேரி முத்திரையை நானே குத்தி அனுப்பினேன். ஒப்புதல் வந்தது. ஈடு: கடிகாரம்.

ஞாயிற்றுக்கிழமை. கச்சேரி பூட்டியிருந்தது, சாவி என்னிடம். கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, வேட்டியில் சுற்றி, கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் நடந்தேன். நடுத் தண்ணீரில் அது ஒன்பது அடித்தது. துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார்கள். மறுகரைச் சாவடியில் என் சீட்டைக் காட்டிக் கடிகாரத்தைக் கொடுத்தேன். தபேதாரைக் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். இளைத்திருந்தார். பட்டையில் அந்தத் தாள் பழுப்பேறி, ஒரு மூலை பிய்ந்திருந்தது.

"கெடியாரத்த வெச்சிட்டா என்னிய எடுத்துகினு போற? மாட்டிகினா உன் வேல போய்டுமே தம்பி."

"போனா போகுது" என்றேன். சொல்லும்போது சுகமாக இருந்தது. காலை வேளையில் நான் பெரிய தைரியசாலி.

வீட்டு வாசலில் பந்தல். மகள் ஓடி வந்து அவர் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் பையனின் கையைப் பிடித்தார். நிக்காஹ் நடத்தும் அஜரத் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை வரை போகும் குரல் அடுத்த பாய்க்குக்கூட எட்டவில்லை. அஜரத் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார். பிறகு வந்தது, வாசலில் நின்ற குதிரை வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. மகளை அவரே கொடுத்தார். கேட்டது கிடைத்துவிட்டது. சாப்பாடு முடிந்தது, மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை போட்டார்கள், வெயில் சாய ஆரம்பித்தது.

"கெடியாரம் போனா போவுது. நீ இங்கியே இரு. கேஸும் கெடையாதாம்" என்று வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் தகப்பனின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

தபேதார் என்னைப் பார்த்தார். காலையில் ஆற்றங்கரையில் போனா போகுது என்று சொன்னவன் நான். அதையே இன்னொரு தடவை சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. நான் பந்தலுக்கு வெளியே, வெயில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் எழுந்தார். ஆணியிலிருந்து பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆற்று வரை கூடவே நடந்தேன். கரையில் நின்று, "நீ இல்லன்னா என் பொண்ணு கல்யாணத்த நான் பாத்திருக்க மாட்டேன் தம்பி. அவனுங்க எழுதச் சொன்னானுங்க, நீ எழுதுன. உன் மேல இன்னா தப்பு" என்றார். யாரும் எழுதச் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு அரை ஆற்றுத் தூரம் நேரம் இருந்தது. மணல் ரொம்பச் சூடு என்றேன். அவரைக் கொடுத்தேன். கடிகாரத்தைக் கொடுத்தார்கள். திரும்பி வந்து ஆணியில் மாட்டிச் சாவி கொடுத்தேன். மறுநாள் காலை அதிகாரி வந்து, அதில் மணி பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஊருக்குப் போய் வந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது தடவை இரவல் கேட்டதற்கு வடகரை சம்மதிக்கவில்லை; அந்தப் பொருள் அன்றாட உபயோகத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. நாலு வருஷம் கழித்து அவர் ஆவடியில் காய்ச்சலில் போனார். அடக்கம் செய்ய இறப்புச் சான்றிதழ் வேண்டும், அது மனிதர்களுக்குத்தான் தருவார்கள். அதற்காக அன்றைக்கு அவரை மனிதராகப் பதிவு செய்தார்கள். மனைவிக்கும் மகளுக்கும் ஒரு நாள் சீட்டு கொடுத்தார்கள். எங்களுக்குத் தகவல் வந்தது: "எண் 48 கழிக்கப்பட்டது." அதற்குள் எனக்குப் பதவி உயர்ந்திருந்தது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, ஓரத்தில் "பார்த்தேன்" என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாடுகளும் இப்போது நன்றாக இருக்கின்றன, அவரவர் கொடிக்கு அவரவர் சல்யூட். கூவத்தில் மட்டும் ஒற்றுமை. இரண்டு பேரும் அதில்தான் சாக்கடையை விடுகிறார்கள். பருத்திப்பட்டுப் பாலத்தில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி மேடையில் பேசச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் கைதட்டல் கிடைக்கும். சகலைகளைப் பற்றிச் சொன்னால் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த ஆட்களைக் கண்டு அருவருத்துக் காறித் துப்ப எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததே இல்லை. துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வருஷத்துக்கு ஒரு நாள், பக்ரீத் அன்று, மேஜை மேல் ஒரு தூக்குப் பாத்திரம் இருக்கும்.

தபேதாரின் மகள் அனுப்புவது. எங்கள் அத்தாவை ஒரு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தவர் என்று சொல்லி அனுப்புவாள். ஒரு வருஷமும் தவறியதில்லை. மூடியைத் திறந்தால் வீடு மணக்கும். எனக்குத் தொண்டையில் இறங்காது, கண்ணீரோடு தள்ளி வைத்தேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். சாப்பிட்டேன். எல்லா வருஷமும் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. எலும்பைக்கூடக் கடித்தேன். என் வாழ்க்கையில் எனக்கே குமட்டுகிற விஷயம் அதுதான். படிக்கமெல்லாம் அதற்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணம்.

போன வாரம் அவளுடைய மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். வளர்ந்த ஆள், பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கிறான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, இரண்டு கையாலும் பத்திரிகையைக் கொடுத்தான்.

"அம்மா கண்டிசனா சொல்லிச்சு பெரியவரே. எங்க நன்னா, அம்மாவோட அத்தா, உக்காந்திருக்க வேண்டிய எடத்துல நீங்கதான் உக்காரணுமாம். மொத வரிசையில."

"எனக்கு முட்டி வலிப்பா" என்றேன்.

"நாற்காலி போட்டுக்கலாம்."

அவன் போன பிறகு, பேனாவை எடுத்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். ஏழு நாளாயிற்று. கை நடுங்குவதால் எழுத்து இப்போது அழகாக இல்லை. படிக்க முடிகிறது, அது போதும். நாளை வெள்ளிக்கிழமை, பட்டறை அரைநாள்தான் இருக்கும். தொழுகைக்கு முன்னால் போய், இந்தத் தாள்களை அவன் கையில் கொடுத்து, அம்மாவுக்கும் படித்துக் காட்டு என்று சொல்லப் போகிறேன். கொடுத்துவிட்டு ஓடிவர மாட்டேன். அவன் நாற்காலி போடுவான், உட்கார மாட்டேன். கடைசிப் பக்கம் வரை அவன் படித்து முடித்து நிமிர்ந்து பார்க்கட்டும். இந்தத் தடவை நான் வெயிலைப் பார்க்கப் போவதில்லை.